பெஹாலா குளிரில் ஒரு பித்தவெடிப்புச் சோதனை

ஜனவரியில் கொல்கத்தாவின் பெஹாலாவில் வடக்கிலிருந்து வரும் காற்று தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். சென்னை வியர்வையில் பழகிய உடம்பு ஒரே வாரத்தில் வெளுத்துப்போகும். நகம் பட்டால் வெள்ளைக் கோடு விழும். குதிகால் பித்தவெடிப்போ கம்பளியில் மாட்டி இழுக்கும். டயமண்ட் ஹார்பர் சாலையின் மருந்துக் கடைகளில் இதற்கு இரண்டு பதில் உண்டு: பெட்ரோலியம் ஜெல்லி டப்பா, பச்சை நிற போரோலின் டியூப்.

போரோலின் கொல்கத்தாவின் சொந்தப் பிள்ளை. 1929இல் கௌர்மோகன் தத்தா தொடங்கிய சுதேசி நிறுவனத்தின் சரக்கு, யானை முத்திரையோடு வருகிறது. ஜெல்லி அதைவிட மூத்தது. 1859இல் அமெரிக்காவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போன ராபர்ட் செஸ்பரோ, பம்புத் தண்டுகளில் படியும் மெழுகைத் தொழிலாளர்கள் காயத்தில் தடவுவதைப் பார்த்தார். அதைச் சுத்திகரித்து 1872இல் காப்புரிமை வாங்கினார். அதுதான் வாசலின்.

சோதனை எளிது. இரவில் இரண்டு பாதங்களும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறின. வலது குதிகாலைத் துண்டால் ஒற்றி, ஈரம் போகுமுன் ஜெல்லி. இடது, நன்றாகக் காய்ந்தபின் அதே அளவு ஜெல்லி. இரண்டுக்கும் காலுறை. விடிந்ததும் வலது குதிகால் மெத்தென்றிருந்தது, வெடிப்பின் ஓரங்கள் மடங்கிக் கொடுத்தன. இடதில் மேலே பிசுபிசுப்பு, அடியில் பழைய சொரசொரப்பு.

காரணம் உண்டு. ஜெல்லியில் தண்ணீரே கிடையாது. தோலில் இருக்கும் நீர் ஆவியாகாமல் மூடி வைப்பது மட்டுமே அதன் வேலை. அந்த இழப்பை 98 சதவீதம் வரை அது தடுப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. பூட்டுவதற்கு உள்ளே ஏதாவது இருக்கவேண்டுமே!

மறுவாரம் போரோலின். இதில் லனோலினும் துத்தநாக ஆக்சைடும் போரிக் அமிலமும் சேர்ந்திருக்கின்றன. கெட்டியான களிம்பு, உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்தால்தான் பரவுகிறது. துத்தநாகத்தின் வெள்ளைப் பூச்சு தங்குகிறது, வாசனை காலைவரை போர்வையில் நிற்கிறது. குதிகாலுக்கு நன்றாகவே உழைத்தது. ஆனால் வங்காள வீடுகளில் இதை வழக்கமாகத் தடவும் உதட்டுக்கு ஜெல்லியே மேல். போரிக் அமிலம் வயிற்றுக்குள் போகத் தகாதது. கைக்குழந்தைக்கும் அதனால் ஜெல்லிதான்.

வாங்கும்போது டப்பாவில் ‘ஐ.பி.’ என்ற எழுத்துகளைத் தேடலாம். இந்திய மருந்தியல் தொகுப்பின் தரத்துக்கு அதுவே அடையாளம். கழுவிய சின்னச் சிராய்ப்புக்கும் ஜெல்லி தடவலாம். ஆனால் சூடுபட்ட உடனே தடவக்கூடாது. சூட்டை உள்ளேயே அடைத்துவிடும், முதலில் குழாய்த் தண்ணீர்தான். இன்னொன்று: ஜெல்லி தடவிய பாதத்தோடு காலுறை போடாமல் பழைய கொல்கத்தா வீடுகளின் சிவப்பு சிமெண்ட் தரையில் நடந்தால் வழுக்கிவிடும்.