கையறுநிலையும் சைவ நன்னெறியும்

மனைவி, தாய், உடன்பிறந்தாள் என்னும் மூவருள் ஒருவர் இறந்தவிடத்து எஞ்சிநின்றார் அவரை நினைந்து இரங்குதல் உலகத்தியற்கை. அவ்விரக்கம் பாட்டாய் வெளிப்படுங்கால் அதனைக் கையறுநிலை என்று தமிழ்நூலார் வழங்குவர். செயலற்று நிற்றலே கையறுதலாம். ஆசிரியர் தொல்காப்பியனார் புறத்திணையியலுட் காஞ்சித்திணையின் பகுதியாக இதனை வகுத்ததோடு அமையாது, காதலியை இழந்தான் நிலையைத் தபுதாரநிலை எனவும், காதலனை இழந்தாள் நிலையைத் தாபதநிலை எனவும் வேறு பிரித்தோதினார். மெய்ப்பாட்டியலுள் அழுகை பிறத்தற்குரிய நிலைக்களன் நான்கனுள் இழவினையும் ஒன்றாக வைத்தார். ஆகவே இறந்தார்பொருட்டு அழுதல் தமிழ்மரபில் இழுக்கென விலக்கப்பட்டதன்று. இலக்கணம் பெற்றதொரு பொருளேயாம்.

அஃது அங்ஙனமாக, சைவநெறி நிற்பார் சிலர்பால் ஓர் ஐயம் நிகழ்வதுண்டு. உயிர் நித்தியம், உடம்பு மாயையின் காரியம், பிறப்பும் இறப்பும் வினைக்கீடாக வருவன. பாம்பு தோலுரித்தாற்போல உயிர் ஓருடம்பை விட்டு நீங்கும் என்பது சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரத்தின்கண் எடுத்துக்காட்டப்பட்ட உவமை. இவற்றையெல்லாம் ஓதியுணர்ந்தான் ஒருவன், தாய் இறந்தாள் என்றும் தாரம் இறந்தாள் என்றும் அழுவானாயின், அவன் கற்ற கல்வி எற்றுக்கு? அழாதிருப்பதன்றோ ஞானம்? இவ்வையத்துக்கு விடை நூல்களிற் காணப்படுமாறு ஈண்டு ஆராயப்படும். மனைவிக்கு ஒரு பாட்டும், தாய்க்கு ஒரு பதிகமும், உடன்பிறந்தாளுக்கு ஒரு வரலாறும் ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளப்படுகின்றன.

முதற்கண் மனைவியை இழந்தான் பாட்டு. 1894ஆம் ஆண்டில் மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் பதிப்பித்து வெளியிட்ட புறநானூற்றில் 245ஆம் பாட்டு, சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் பெருங்கோப்பெண்டு இறந்தபோது பாடியது. அடிகள் ஏழே. அவ்வேழடியுள் அரசி இன்ன குடியிற் பிறந்தாள், இன்ன அழகினள், இன்ன குணத்தினள் என்றொரு சொல்லும் இல்லை. கள்ளி படர்ந்த களர்நிலத்துப் புறங்காடும், விறகடுக்கிய ஈமமும், அதன் தீயே அவட்குப் பாயலானமையுமே கூறப்படுகின்றன. தன் துயரம் எத்துணைப் பெரிதாயினும் தன்னுயிரைப் போக்கும் வலியுடையதன்று ஆதலின் அதனைப் பெரிதென்றல் எங்ஙனம் என்று தன்னையே வினவி, அவள் மாய்ந்த பின்னும் தான் வாழ்கின்றமையை நினைந்து நாணி முடிக்கின்றான் அவ்வரசன்.

இப்பாட்டின் சிறப்பு அதன் மெய்ம்மையிலுள்ளது. நின்னோடு யானும் இறந்தேன் என்று பொய்யுரை புகலாது, இறந்திலேன் என்னும் உண்மையையே தன் துயரின் அளவாக வைத்தான். துயரை மிகுத்துரைத்தல் எளிது. அஃது இவ்வளவே என்று ஒப்புக்கொண்டு வெட்குதல் அரிது. ஆயினும் இப்பாட்டு நின்றவிடத்திலேயே நின்றுவிடுகின்றது. நோக்கு முழுதும் வாழ்வான்மேலதாயிற்று. மாய்ந்தாள் யாண்டுச் சென்றாள் என்னும் வினா எழவில்லை. புறப்பாட்டு இவ்வளவின் நிற்றல் குறையன்று. அதன் எல்லை அதுவேயாம். அவ்வெல்லைக்கு அப்பாற் செல்லும் பாட்டு யாது என்பதே அடுத்து நோக்கற்பாலது.

இனித் தாயை இழந்தார் பதிகம். பட்டினத்தார் என்னும் பெயரால் வழங்குவோர் ஒருவரல்லர் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கும் உடன்பாடு. பதினோராந் திருமுறையுள் ஐந்து பிரபந்தங்கள் அருளிய பட்டினத்துப் பிள்ளையார் வேறு. தாயார் உடலுக்கு எரியூட்டுங்கால் பாடியனவாக வழங்கும் பத்துப் பாட்டுக்களையுடைய பிற்காலத் தொகுதிக்குரியவர் வேறு. பிற்காலத்தனவாயினும், அப்பத்துப் பாட்டுக்களும் தமிழர் இல்லங்களில் பெற்றுள்ள இடம் பெரிது. துறவு பூண்டவர் தாயின் ஈமக்கடனுக்கு மீண்டு வந்தார் என்பதும், பச்சை வாழைமட்டைகளை அடுக்கிப் பாட்டினாலேயே தீமூட்டினார் என்பதும் கன்னபரம்பரைச் செய்தி.

இங்கே தடை நிகழ்த்துவார் கூறுவது வருமாறு: அனைத்தையும் துறந்தவர்க்குத் தாய்மட்டும் துறக்கப்படாது நின்றாள் எனின், அத்துறவு நிரம்பாத துறவன்றோ? அற்றன்று. பத்துப் பாட்டுக்களும் வைக்கப்பட்ட முறையை நோக்குக. முற்பகுதி, பத்துத் திங்கள் சுமந்த பாட்டையும், தவங்கிடந்து பெற்றமையையும், தொட்டிலிலும் தோளிலும் வைத்து வளர்த்தமையையும் ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகின்றது. இடைப்பகுதி, அங்ஙனம் வளர்த்தவள் வாயில் அரிசியிடுவதையும் தலையிற் கொள்ளி வைப்பதையும் செய்யமாட்டாது நடுங்குகின்றது. ஈண்டுத் திரிபுரத்தில் மூண்ட தீயும் இலங்கையில் மூண்ட தீயும் நினைக்கப்படுகின்றன. பின்னர், தன்னைக் காத்து வளர்த்த கை தீயில் வேகக் காணும் காட்சி. ஒன்பதாம் பாட்டிலே திருவண்ணாமலைப் பெருமான் விளிக்கப்படுகின்றான். தாய் வெந்தொழிந்தாளோ, அவன் திருவடிக்கண் வந்துசேர்ந்தாளோ, பெற்ற மகனை மறந்தாளோ என்று வினவப்படுகின்றது. இறுதிப் பாட்டிலோ, நேற்றுவரை வீதியிலே காணப்பட்டவள் இன்று சாம்பராயினமை சொல்லி, பால் தெளித்தற்கு அனைவரும் அழைக்கப்படுகின்றனர். இரங்கவேண்டா, யாவும் சிவமயம் என்பதே முடிபு.

இம்முறையில் ஓர் ஏற்றம் காணப்படும். முன்னே என் தாய் என்றது. இடையே இறைவனை நோக்கி வினவியது. முடிவிலே எல்லாரையும் கூவியழைத்தது. யான் எனது என்னும் செருக்கிற் பிறந்த சொல்லே படிப்படியாய் அச்செருக்கு நீங்கப்பெற்றுச் சிவமயம் என்னும் சொல்லிற் சென்று முடிந்தது. அழுகை அறிவினாற் பாதியில் அடக்கப்படவில்லை, அழுகையே வழியாயிற்று. இறுதிப் பாட்டை முதலில் வைத்து மற்றை ஒன்பதையும் நீக்கிப் பார்க்க. எஞ்சுவது ஏட்டுச்சுரைக்காயாய் நிற்கும் வேதாந்தமேயாம். ஒன்பது பாட்டின் கண்ணீரே பத்தாம் பாட்டைச் சொல்லுதற்குரிய தகுதியைத் தந்தது என்க.

இன்னும் ஒன்று கூர்ந்துணரற்பாலது. தாய் திருவடி சேர்ந்தாள் என்று துணிந்து கூறாது, வந்தாளோ என்று வினவியதே ஒன்பதாம் பாட்டின் உயிர். ஓருயிர் எவ்வினையை எவ்வளவிற் கழித்தது, எந்நிலையை எய்தியது என்பதை அறிவான் இறைவன் ஒருவனே. அன்புடையார் செய்யக்கூடுவது, அவ்வுயிரை அவன்பால் ஒப்புவித்து வினவி நிற்றலேயாம். இவ்வடக்கம் ஞானத்தின் அடையாளமேயன்றிக் குறையாகாது.

நிற்க. உடன்பிறந்தாள் வரலாறு இனி ஆராயத்தக்கது. அறுபத்துமூவருள் எண்ணப்படாதவராயினும் சைவவுலகம் மறவாத பெருமாட்டியார் திலகவதியார். திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் புகழனார்க்கும் மாதினியார்க்கும் மகளாராய்த் தோன்றியவர். தந்தையார் இறந்தார், தாயாரும் உடன் சென்றார், மணம் பேசப்பட்ட கலிப்பகையார் போர்க்களத்து வீழ்ந்தார் என்னும் செய்தியும் அடுத்து வந்தது. கலிப்பகையார்க்கே உரிய உயிரை அவரோடு இசைவிப்பேன் என்று அம்மையார் துணிந்தபோது, தம்பியார் மருணீக்கியார் அடிமேல் வீழ்ந்தார். தாயுந் தந்தையும் இறந்த பின்னும் அம்மையாரை வணங்கப்பெறலாம் என்பதனாலேயே உயிர் வைத்திருப்பதாகவும், அவரும் பிரிவாராயின் தாம் முன்னே இறப்பதாகவும் அழுதரற்றினார். அதுகேட்டு அம்மையார் தம் துணிவை மாற்றினார். மணவணி பூணாதவராய், உயிர்கள்மாட்டு இரக்கம் பூண்டவராய், மனையிலிருந்தே தவம் புரிந்தார்.

ஆசிரியர் சேக்கிழார் பெருமான் இவ்விடத்து அமைத்த வைப்புமுறை மிக நுண்ணியது. ஒரே இழவு இருவரையுந் தாக்கிற்று. அவ்விழவினின்றும் இருவேறு வழிகள் பிறந்தன. தம்பியார் உலகின் நிலையாமையை உணர்ந்தார். அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்துப் பொருளை வழங்கினார். பின்பு துறவுள்ளத்தராய்ச் சமயங்களை ஆராயப்புக்கு அருகசமயத்தைச் சார்ந்தார். நிலையாமையுணர்வு நன்றே, தானமும் நன்றே. ஆயினும் நல்லாறு தெரிதற்கு இறைவன் அருள் அப்பொழுது கூடிற்றில்லை என்று ஆசிரியர் காரணமும் உடன் கூறினார். இறந்தாரைப் பற்றிய துயரம் நிலையாமையுணர்வாக மட்டும் முதிருமாயின் அது பற்றுக்கோடில்லாத துறவாய் முடியும் என்பது இதனாற் பெறப்படும்.

தமக்கையார் வழி வேறு. அவர் நிலையாமையைப் பேசினாரல்லர். திருவதிகை வீரட்டானத்தை அடைந்து அலகிட்டார், மெழுகிட்டார், மலர்கொய்து மாலை தொடுத்தார். பிரிந்த தம்பியை மறவாது, அவரை ஆட்கொண்டருளுமாறு பெருமானைப் பலகாலும் வேண்டினார். பாசமென்று இகழத்தக்க உடன்பிறப்பன்பு திருத்தொண்டிற் கலந்து விண்ணப்பமாயிற்று. சூலைநோய் கொண்டு மருணீக்கியார் மீண்டபோது, ஐந்தெழுத்தோதி அம்மையார் அளித்த திருநீறே அவரைத் திருநாவுக்கரசராக்கிற்று. மணப்பெண்ணாய்த் துணைவரை இழந்தவரும், மகளாய்ப் பெற்றோரை இழந்தவரும், தமக்கையாய்த் தம்பியைப் பிரிந்தவருமாகிய ஒருவரே அன்பை அழித்தொழியாது அருளிடத்தே சேர்ப்பித்து உலகுக்கு ஒரு நாயனாரைத் தந்தார்.

இதன் பயன் நாவரசர் திருவாக்கிலேயே காணக்கிடக்கின்றது. கல்லொடு கட்டிக் கடலில் இடப்பட்டும் ஐந்தெழுத்தின் துணையால் மிதந்து கரையேறிய பெருமான், திருப்பாதிரிப்புலியூரில் அருளிய திருப்பதிகத்தில் இறைவனை ஈன்றவளாகவும் தந்தையாகவும் உடன்பிறந்தாராகவும் பரவுகின்றார். முற்காலத்து அருகசமயத்தில் அவர் வாழ்ந்த ஊரும் அதுவே. இளமையிலேயே தாய்தந்தையரை இழந்து, உடன்பிறந்தாரால் வளர்க்கப்பட்டு, உடன்பிறந்தாராலேயே மீட்கப்பட்டவர் வாயில் அம்மூன்று முறைப்பெயரும் வருதல் வறிய உபசாரமன்று. தாயாயும் தந்தையாயும் தமக்கையாயும் வந்து தம்மைப் புரந்தது யாது என்று கண்டுகொண்டவர் சொல் அது. முறைப்பெயர்கள் துறக்கப்படவில்லை, அவற்றின் மூலம் உணரப்பட்டது.

ஆகவே தொடக்கத்து எழுந்த ஐயத்துக்கு விடை எளிதிற் பெறப்படும். மனைவி, தாய், உடன்பிறந்தாள் என்பன உடம்புபற்றி வந்த பெயர்கள். உயிர்க்கு அவை இயல்பல்ல. உண்மை. ஆனால் அவ்வுடம்பையும் அவ்வுறவையும் கூட்டியவன் இறைவனாதலின், அவ்வுறவின்வழி வந்த நன்மையும் அவனதேயாம். எனது என்று பற்றுவது பாசம். அவன் தந்தது என்று நினைந்து உருகுவது அன்பு. இரண்டிடத்தும் கண்ணீர் ஒன்றே; அது பாயும் இடம் வேறு. உயிர் அழிவதாயின் இறந்தாரை நினைத்தல் வெறும் ஏக்கமாகும். உயிர் உளதாய், ஆண்டவன் ஆணைவழி மேலும் செல்வதாய் இருத்தலின், நினைத்தலும் அவ்வுயிர்க்காக வேண்டுதலும் பொருளுடையன. சித்தாந்தம் அழுகையை விலக்கவில்லை. அதற்குச் செல்லும் இடம் காட்டிற்று.

இவ்வாராய்ச்சி இக்காலத்து இரங்கற்பாக்களை மதிப்பிடுதற்கும் துணையாகும். தமிழ்நாட்டிற் சரமகவி என்றும், யாழ்ப்பாணத்திற் கல்வெட்டு என்றும் வழங்கும் நினைவுப்பாடல்கள் ஆண்டுதோறும் பல அச்சேறுகின்றன. அவற்றுட் பெரும்பாலன எவ்வில்லத்துப் பெண்மணிக்கும் பொருந்துவனவாய் அமைந்திருத்தல் கண்கூடு. கற்பிற் கண்ணகி, பொறுமையிற் பூமி, விருந்தோம்பலில் வள்ளுவர் கண்ட வாழ்க்கைத்துணை என்னும் தொடர்கள், பெயரை மட்டும் மாற்றி மற்றொருவர்க்கும் சூட்டத்தக்கனவாய் உள்ளன. இறந்தவர் யாவர் என்பது பாட்டினால் விளங்காதாயின் அது யார்க்குச் செய்த நினைவு?

திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருமயிலையிற் பூம்பாவையை விளித்தருளிய பதிகத்தை நோக்குக. அப்பெண்ணின் குணங்களை அடுக்காது, அவ்வூர்த் திருவிழாக்களை ஒவ்வொன்றாகக் கூறி, அவற்றைக் காணாது செல்வதோ என்று வினவுகின்றது அது. அவள் வாழ்ந்த ஊரும், அவள் கண்டிருக்கவேண்டிய நாள்களும் அப்பாட்டில் வந்து நிற்கின்றன. மாக்கோதை பாட்டில் புறங்காடு நின்றதும், பட்டினத்தார் பாட்டில் வளர்த்த கை நின்றதும் இவ்வியல்பினவேயாம்.

எனவே நினைவுப்பாடல் புனைவார் மூன்றனைக் கருதல் தகும். துயரை உள்ளவாறே உரைத்தல் ஒன்று. அதனை மாக்கோதைபாற் கற்கலாம். இறந்தவர் செய்த செயலையும் வாழ்ந்த இடத்தையும் பெயர்த்தெடுத்துப் பிறர்க்குச் சூட்டலாகாதவாறு உரைத்தல் மற்றொன்று. சிவபதம் எய்தினார் என்னும் வழக்குச்சொல்லை முடிந்த செய்தியாகக் கூறாது, எய்துக என்னும் வேண்டுகோளாகக் கூறுதல் மூன்றாவது. அச்சொல்லை வழங்குவார் விருப்பம் தூயதே. ஆயினும் அறிவிப்பைக் காட்டிலும் விண்ணப்பமே அடியார்க்கு அழகு.

திலகவதியார் இறுதியை ஆசிரியர் சேக்கிழார் தனியே விரித்தாரல்லர்; அம்மையார்க்கென ஓர் இரங்கற்பா பெரியபுராணத்துள் இல்லை. திருவதிகையில் அவர் ஏந்திய அலகும், அவர் நீட்டிய திருநீறும், அத்திருநீற்றினாற் பிறந்த தேவாரமுமே அவர்க்கு நினைவாயின. தாயையோ தாரத்தையோ உடன்பிறந்தாளையோ இழந்து வருந்தும் அன்பர், அவர் விட்டுச்சென்ற திருத்தொண்டு யாது என்று தேடி, அதனைத் தம் கையில் ஏற்றுச் செய்வாராயின், கையறுநிலை அவர்க்குக் கைத்தொண்டாக மாறும். அழுகையும் அதனோடு உடன் நிகழ்க. அதனைத் தடுப்பார் இலர்.

திருச்சிற்றம்பலம்.