வாக்குக் கொடுக்க முடியாத படை

சங்கீதத்துக்குப் பாணிகள் இருப்பதுபோலக் கிளர்ச்சியை அடக்கும் போர்க்கலைக்கும் பாணிகளும் குருபரம்பரைகளும் உண்டு. அல்ஜீரியாவில் நின்ற ஒரே பிரெஞ்சுப் படையிலிருந்து இரண்டு கிளம்பின. 1961இல் எழுதிய ரோஜே த்ரான்கியே, கிளர்ச்சி அமைப்பைக் கண்டுபிடித்து உடைப்பதே வேலை, அதற்குச் சித்திரவதையும் ஆகும் என்றார். 1964இல் எழுதிய டேவிட் கலூலா, மக்களைக் காப்பதும் அவர்களைத் தம் பக்கம் திருப்புவதுமே வேலை, துவக்குக்கு அதில் சிறு பங்குதான் என்றார். மலாயாவில் பழுத்த ரொபேர்ட் தொம்சன், அரசு தன் சட்டத்துக்குத் தானே கட்டுப்பட வேண்டும் என்று 1966இல் வற்புறுத்தினார். அமெரிக்கத் தரைப்படை 2006 டிசம்பரில் வெளியிட்ட கைந்நூல் கலூலாவையும் தொம்சனையும் பின்பற்றியது. 2021இல் ஜாக்குலின் ஹேசல்டன், சீர்திருத்தத்தால் எந்த அரசும் வெல்லவில்லை, வன்முறையாலும் பிரமுகர்களோடு செய்துகொண்ட பேரத்தாலும்தான் அரசுகள் வென்றன என்று அத்தனை பேரையும் மறுத்தார். வழி பற்றி எவ்வளவு சண்டையிட்டாலும், த்ரான்கியேயும் கலூலாவும் தொம்சனும் சொல்லாமலே ஒப்புக்கொண்ட அடிப்படை ஒன்று உண்டு. போரிடும் படை, அந்த மண்ணை ஆளும் அரசின் படை. பிரெஞ்சுக்காரர் அல்ஜீரியாவைப் பிரான்சின் பகுதி என்றே சொன்னார்கள். மலாயாவைப் பிரித்தானியர் ஆண்டார்கள். பிறநாட்டுப் படை இந்தப் பாடநூல்களை இரவல் சட்டைபோல மாட்டிக்கொண்டு வருகிறது. அளவு பொருந்தாததில் வியப்பில்லை.

1987 ஜூலை 29இல் கொழும்பில் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டார்கள். மறுநாள் பலாலியில் இறங்கத் தொடங்கிய இந்திய அமைதிப்படையை யாழ்ப்பாணம் மாலையோடு வரவேற்றது. மூன்று மாதம் முடியுமுன், ஒக்டோபர் 10இல், அதே படை விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கிற்று. யாழ் நகரைப் பிடிக்க இரண்டு வாரத்துக்குச் சற்று மேலாயிற்று. பின்னர் அதன் பலம் எழுபதினாயிரத்தைத் தாண்டியது. ஆளும் ஆயுதமும் போதாமல் தோற்றது என்ற விளக்கம் இங்கே எடுபடாது.

எனது எண்ணம் இதுதான். கிளர்ச்சி நடக்கும் மண்ணில் ஒரு படை மக்களுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய பொருள் வாக்குறுதி. அதைக் கொடுக்கும் உரிமை இந்தியப் படைக்கு இருக்கவில்லை. தமிழர் கேட்டது காணி, பொலிஸ், வடகிழக்கு இணைப்பு, சிங்களக் குடியேற்றத்துக்கு முடிவு. நான்கும் கொழும்பின் கையில் இருந்தன. 1987 நவம்பரில் இலங்கை அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் நிறைவேறியது. மாகாண சபை வந்தது. ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதியாகவே இருந்தார். 1988 நவம்பரில் தேர்தலுக்குக் காவல் நின்ற படையால், முதலமைச்சர் வரதராஜப் பெருமாளின் பொறுப்பில் ஒரு பொலிஸ் நிலையத்தையாவது ஒப்படைக்க முடிந்ததா? கொடுக்க ஏதுமில்லாதவன் தேடத்தான் முடியும். அந்தத் தேடல் எப்படி இருந்தது என்பதற்கு யாழ்ப்பாணத் தமிழ் ஒரு சொல்லை வைத்திருக்கிறது: தலையாட்டி. சுற்றிவளைப்பு நடக்கும். கோயில் வீதியிலோ பள்ளிக்கூட வளவிலோ ஊரையே வரிசையில் விடுவார்கள். முகம் மறைத்த ஒருவன் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அவன் தலை ஆடினால் அந்தப் பொடியன் ட்ரக்கில் ஏற வேண்டியதுதான். ஊரின் மொழியும் உறவும் பகையும் தெரியாத ஒரு பெரும்படையின் உளவு முழுவதும் அந்த ஒரு கழுத்தின் அசைவில் வந்து நின்றது. அவன் யாரோடு வேலிச் சண்டை பிடித்தவன் என்று விசாரிக்கக்கூட அந்தப் படைக்கு வழியில்லை. 1987 ஒக்டோபர் 21, 22இல் யாழ் வைத்தியசாலையில் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் அந்தப் படையால் கொல்லப்பட்ட பிறகு, வாய்திறந்து தகவல் சொல்ல யார் முன்வருவார்?

படை வென்றுகொண்டிருந்தது, அரசியல்வாதிகள் பாதியில் திருப்பி அழைத்தார்கள் என்று ஓய்வுபெற்ற தளபதிகள் சொல்வதுண்டு. ஜயவர்தனவுக்குப் பின் ஜனாதிபதியான பிரேமதாச முதுகில் குத்தினார் என்பது இதன் மறுபாதி. அவர் படையை வெளியேறச் சொன்னதும், 1989இல் புலிகளோடு பேசி அவர்களுக்கு ஆயுதமே கொடுத்ததும் உண்மை. அதைத் துரோகம் என்று மட்டும் விளங்கிக்கொள்வது போதாது. தெற்கில் அப்போது சிங்கள இடதுசாரிக் கிளர்ச்சி இயக்கமான ஜே.வி.பி. எழுந்து நின்றது; இந்தியப் பொருளை வாங்காதே என்று கடைகளை மிரட்டியது. அந்நியப் படையை வைத்திருப்பவர் என்ற பெயரோடு கொழும்பில் எவரும் ஆள முடியாது. விருந்தாளிப் படை எவ்வளவு காலம் நிற்கிறதோ, வீட்டுக்காரனின் ஆளுமுரிமை அவ்வளவுக்குத் தேய்கிறது. ஆகவே அதைக் கைவிடுவது வீட்டுக்காரனுக்கு நியாயமான கணக்கு. தளபதிகள் கேட்ட மேலும் ஓராண்டு, அந்தத் தேய்வை இன்னும் ஓராண்டு நீட்டியிருக்கும்.

மலாயாவைக் காட்டி மறுப்போர் உண்டு. அங்கே பிரித்தானியரே அரசு. காடோரச் சீனக் குடிகள் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பெயர்த்துப் புதுக் கிராமங்களில் அடைத்த கொடுமையும் அவர்களுடையது. 1957இல் சுதந்திரம் கொடுத்துக் கிளர்ச்சியின் காலடி மண்ணை உருவியதும் அவர்களே. வாக்குக் கொடுத்தவனே நிறைவேற்றினான். இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. பேலியகொடையைத் தாண்டி நீர்கொழும்புப் பாதையில் போனால் கட்டுநாயக்க. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. முதல் முறை கிளர்ந்தபோது அந்த விமான நிலையத்துக்கு இந்தியத் துருப்புகள் காவல் நின்றன. இந்திய, பாகிஸ்தானிய ஹெலிகொப்டர்கள் ஒரே அரசுக்காகப் பறந்தன. (அதே ஆண்டு டிசம்பரில் அவ்விரு நாடுகளும் போரிட்டன என்பது வேறு கதை.) அந்த உதவி பலித்தது. ஆண்டதும் அடக்கியதும் கொடுமை செய்ததும் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு. பிறநாட்டார் சாமான் தந்துவிட்டுப் போனார்கள். ஆப்கானிஸ்தானிலும் இதே கணக்குத்தான். 1989 பெப்ரவரியில் சோவியத் படை போன பிறகும் ஆப்கான் ஜனாதிபதி நஜிபுல்லா மூன்றாண்டு தாக்குப்பிடித்தார். படை போயும் பணமும் ஆயுதமும் வந்துகொண்டிருந்தன; ஆண்டது அவரே. அமெரிக்கர் இருபதாண்டு தாங்கிய அரசோ, அவர்கள் கடைசி ஆளை ஏற்றுமுன்பே, 2021 ஓகஸ்ட் 15இல் காபூலை விட்டு ஓடியது.

அப்படியானால் வெற்றியை அளப்பது எதால்? வியட்நாமில் பிணங்களை எண்ணினார்கள். அமைதிப்படை பிடித்த ஊர்களை எண்ணியது. இரவில் வரி வாங்குபவன் யார் என்பதே சரியான அளவுகோல் என்பேன். அந்தக் கோலால் அளந்தால், பெருமாளின் சபைக்குக் காவலாக இளைஞர்களைத் தெருவில் பிடித்துத் தமிழ்த் தேசிய இராணுவம் கட்ட வேண்டி வந்த நாளிலேயே கணக்கு முடிந்துவிட்டது. ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட வீரரை இழந்த படையின் கடைசி அணி 1990 மார்ச் 24இல் திருகோணமலையில் கப்பலேறியது. பிடித்துவரப்பட்ட பொடியன்களில் பலர் அதற்கு முன்பே புலிகளிடம் மாண்டிருந்தார்கள். பெருமாள் இந்தியா போய்ச் சேர்ந்தார். ஜூனில் பிரேமதாசவின் அரசும் புலிகளும் தங்களுக்குள் போர் தொடங்கினார்கள்.