முடிந்த கதையைத் தொடர்தல்: ‘அக்கினிப் பிரவேசம்’ முதல் ‘கங்கை எங்கே போகிறாள்’ வரை

ஆய்வுச்சுருக்கம்

வாசகரைப் பிளவுபடுத்திய ஒரு முடிவுக்குப் பின் கதையைத் தொடர்வதில் எழும் சிக்கலை, ஜெயகாந்தனின் மூன்று படைப்புகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. முதல் தொடர்ச்சி பழைய முடிவை அழிக்காமலே மறுத்தது என்பதும், இரண்டாம் தொடர்ச்சி அந்த வழியைக் கைவிட்டது என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: ஜெயகாந்தன், கங்கை, தொடர்ச்சி, புனைவுக்குள் புனைவு, வாசக ஏற்பு

முன்னுரை

1966இல் ஆனந்த விகடனில் வெளியான ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில், மழைக்கு ஒதுங்கி நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி அந்நியன் ஒருவனின் காரில் ஏறுகிறாள். அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளை, முதலில் பதறி அடித்த தாய், பின்னர் தலையில் நீரூற்றித் தூய்மையானவளாக ஏற்றுக்கொள்கிறாள். தீயின் இடத்தில் நீரை வைத்த இம்முடிவு கடும் எதிர்ப்பையும் அதே அளவு வரவேற்பையும் பெற்றது. முடிவை மாற்றி எழுதிய எதிர்க்கதைகளும் தோன்றின. எதிர்த்தவர்களுள் பெரும்பாலோர் அவளது செயலைவிடத் தாயின் மன்னிப்பையே தாங்க இயலாதவர்களாக இருந்தனர் என்பது கருதத்தக்கது.

இத்தகைய முடிவுக்குப் பின் ஆசிரியன் எதை எழுதினாலும் ஒரு தரப்பைக் கைவிட நேரும். இன்றைய கணினி விளையாட்டுத் தொடர்களும் இந்த நெருக்கடியைச் சந்தித்துள்ளன. ‘மாஸ் எஃபெக்ட் 3’ (2012) விளையாட்டின் முடிவு ஆட்டக்காரர்களிடையே பெருங்கொந்தளிப்பை உண்டாக்கவே, விரிவாக்கப்பட்ட முடிவை நிறுவனம் அவ்வாண்டிலேயே வெளியிட்டது. அடுத்து வந்த ‘ஆண்ட்ரோமீடா’ (2017) கதையை வேறொரு விண்மீன் மண்டலத்துக்கே கொண்டு சென்றுவிட்டது. சிக்கலை விட்டு விலகி ஓடுவதும் ஒரு வழிதான். ஜெயகாந்தன் அவ்வழியைத் தேர்ந்திலர்.

கதைக்குள் கதை

தினமணி கதிரில் ‘காலங்கள் மாறும்’ என்னும் தலைப்பில் தொடராக வந்து, 1970இல் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என நூலுருப் பெற்ற நாவல், சிறுகதையின் முடிவுக்கு மறுநாளிலிருந்து தொடங்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்து, மணமாகாது, உயர் பணியில் இருக்கும் கங்கை பேருந்து நெரிசலில் தன் குரலில் பேசத் தொடங்குகிறாள். மந்தைவெளி வழியாக மாலை வேளையில் பயணம் செய்யும் பெண்களுக்கு அப்பகுதி இன்றும் பழையதாகத் தோன்றாது. அவள் ஒரு வார இதழில் ஆர்.கே.வி. என்பவர் எழுதிய கதையைப் படிக்கிறாள். அது ‘அக்கினிப் பிரவேசம்’தான். ஆனால் அவள் வாழ்வில் நடந்தது வேறு. அவளுடைய தாய் கனகம் நீரூற்றி ஏற்கவில்லை. கூச்சலிட்டு ஊரைக் கூட்டிவிட்டாள். அண்ணன் கணேசன் வீட்டைவிட்டு வெளியேற்றினான்.

இங்கே நிகழ்வது வெறும் உத்தி அன்று. சிறுகதையின் முடிவு பொய் என்று நாவல் கூறவில்லை. அது ஓர் எழுத்தாளனின் விருப்பம் என்கிறது. மன்னித்த தாய் அச்சிலும் மன்னிக்காத தாய் வீட்டிலும் இருக்கின்றனர். முடிவை எதிர்த்த வாசகர் ‘எந்தத் தாய் இப்படிச் செய்வாள்’ என்று கேட்டிருப்பின், நாவல் அவருக்கு ‘உண்மைதான், செய்யவில்லை, அதனால் இவள் என்ன ஆனாள் பாருங்கள்’ என்று விடை தருகிறது. எதிர்ப்பாளரின் வாதத்தை ஒப்புக்கொண்டு, அதன் விலையை அவர்கள் முன் வைக்கும் இவ்வழியே இந்நாவலின் பெருஞ்சாதனை என்பது என் துணிபு. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது இதற்குக் கிடைத்தது.

தமிழில் இதற்கு முன்னோடி உண்டு. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ (1943) அகலிகையை மீட்புக்குப் பின்னும் தொடர்கிறது. சீதையின் தீக்குளிப்பைக் கேள்வியுற்ற அவள் மீண்டும் கல்லாகிறாள். காவியம் முடித்துவைத்ததை அங்கேயும் பாத்திரமே ஏற்க மறுக்கிறது.

இரண்டாம் தொடர்ச்சி

நாவலின் முடிவும் வாசகரை அமைதிப்படுத்தவில்லை. மாமா வெங்கட்ராம ஐயரின் சீண்டலால் பிரபுவைத் தேடிச் சென்ற கங்கை, அவன் விலகிய பின் மதுவை நாடுகிறாள். 1978இல் ‘கங்கை எங்கே போகிறாள்’ வந்தது. இடையே ஏ. பீம்சிங் இயக்கிய திரைப்படமும் வந்து, லட்சுமிக்குத் தேசிய விருதைப் பெற்றுத் தந்திருந்தது. எனவே கங்கைக்கு அப்போது ஒரு முகமும் கிடைத்துவிட்டது.

இந்நூல் அவளைக் காசியில் கங்கையாற்றில் மறையச் செய்கிறது. பெயரும் ஆறும் ஒன்றாகும் இம்முடிவைப் புனிதமாகக் காண்போர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. முதற்கதையில் தாய் ஊற்றிய நீர் அவளை வாழ அனுப்பியது; இந்நீர் அவளை முடித்துவைக்கிறது. கெட்டுப்போனவளாகக் கருதப்பட்ட பெண் இறுதியில் நீரில்தான் கலக்க வேண்டும் என்ற எதிர்ப்பாளரின் ஆசையை, ஆசிரியர் அறியாமலே நிறைவேற்றிவிட்டாரோ என்னும் ஐயம் எழுகிறது. முன்னைய நாவலில் ஆர்.கே.வி. வழியே தன் எழுத்தையே விசாரணைக்கு உட்படுத்தியவர், இங்கே அவ்விசாரணையை நடத்தவில்லை.

மந்தைவெளியில் நான் உறுப்பினராயிருந்த வாடகை நூல் நிலையத்தில் இவ்விரு நாவல்களும் அடுத்தடுத்து இருந்தன. முன்னதில் தேதிச் சீட்டு மூன்று முறை ஒட்டப்பட்டிருந்தது. பின்னதில் முதற்சீட்டே பாதி வெறுமையாயிருந்தது. இதைச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் கனகத்தைப் பற்றி இரண்டாம் நூல் இன்னும் பேசியிருக்கலாம் என்றே படிக்கும்போதெல்லாம் தோன்றும். மகளைப் பற்றிய கதையில் தான் செய்திருக்கக்கூடிய ஒன்றை அச்சில் காண நேர்ந்த தாய் அவள். அத்தருணத்திலிருந்து ஒரு தொடர்ச்சி எழுதப்படவே இல்லை.