பூட்டிய பேழைகள்

தமிழ்நூல்கள் அச்சேறிய வரலாற்றை எழுதுவோர், சி. வை. தாமோதரம்பிள்ளையின் உழைப்பையும் உ. வே. சாமிநாதையரின் அலைச்சலையும் வியந்து பேசுவதோடு நின்றுவிடுகின்றனர். அவர்கள் யாரிடம் அலைந்தனர் என்ற வினாவை எழுப்புவோர் குறைவு. ஏடுகள் ஆளில்லாக் காட்டிற் கிடக்கவில்லை. மடங்களிலும் வித்துவான்களின் வீடுகளிலும் இருந்தன. மனமுவந்து கொடுத்தோர் உண்டு. செல் அரித்தாலும் அரிக்கட்டும், பிறர் கை படலாகாது என்றிருந்தோரும் உண்டு. 1887இல் கலித்தொகையும் சீவக சிந்தாமணியும் அச்சில் வந்ததும், ஏட்டை வைத்திருந்ததனாலேயே வந்த பெருமை மங்கத் தொடங்கிற்று. அறிவை உடைமையாகக் கொண்டவன் அஞ்சுவது அதன் அழிவையன்று, அது பொதுவாவதையே.

இன்று நமது பழைய நிறுவனங்கள் இணையத்தின் முன் தயங்கி நிற்பதற்கும் அதுவே வேர் என்பது என் துணிபு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னின்று நடத்தியவர் சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலறிஞர் கு. கல்யாணசுந்தரம். ஈழத்து எழுத்துக்களைத் திரட்ட 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் தன்னார்வலரின் முயற்சியே. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய மல்லிகையை இன்று ஒரு மாணவன் கைத்தொலைபேசியிற் புரட்ட முடிகிறதென்றால், அதற்காகப் பெரிய கட்டடங்களுக்கு நன்றி கூறவேண்டியதில்லை.

பணமில்லை, ஆளில்லை, சட்டம் இடந்தராது என்பன அக்கட்டடங்களிலிருந்து வரும் வழக்கமான விடைகள். சட்டத்தைப் பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம், ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டுவரை பதிப்புரிமையைக் காக்கிறது. விபுலானந்த அடிகள் மறைந்தது 1947இல். அவருடைய யாழ்நூலை மக்களுக்குத் தர இன்று எந்தச் சட்டம் குறுக்கே நிற்கிறது? பணமும் ஆளும் இல்லை என்பதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில், அதுவரை முடியாதென்றிருந்த பல்கலைக்கழகங்கள் சில வாரங்களில் விரிவுரைகளை இணையத்தில் நடத்தின. தமது இருப்பே கேள்விக்குள்ளானபோது முடிந்தது, மாணவனின் தேவைக்காக முடியாமற் போவதேன்? (நூற்பட்டியல் வெளியானால், அலுமாரியில் இல்லாத நூல்கள் எவையென்பதும் வெளியாகிவிடும். இது வாய்விட்டுச் சொல்லப்படாத நான்காவது விடை.)

பள்ளிமுனையில் ஒரு கடற்றொழிலாளியின் மகள், தன் ஊரார் ஆடும் நாட்டுக்கூத்தை ஆராய விரும்புகிறாள் என்று கொள்வோம். மன்னார்க் கூத்துப்பற்றிய பட்ட ஆய்வேடுகளை வாசிக்க, அவள் பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலங் கடந்து யாழ்ப்பாணம் செல்லவேண்டும். அன்றேல் பேராதனைக்குச் செல்லவேண்டும். அங்கும் ஆய்வேட்டைப் பெரும்பாலும் அவ்விடத்திலேயே இருந்து வாசிக்கவேண்டும். பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும் அவளுக்கு யார் கொடுப்பது? கடலுக்குப் போனவரின் அனுபவத்தைக் கேட்டு எழுதிய ஆய்வு, கடலோரத்துக்கு மட்டும் திரும்பி வருவதில்லை.

பேழைக்குள் இருப்பதே பாதுகாப்பு என்போர் 1981 ஜூன் மாதத் தொடக்கத்து இரவை மறந்தனர் போலும். யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களுள், வேறெங்கும் படியில்லாதவையே மீளமுடியாத இழப்பாயின.

இணையம் வந்ததும் சமத்துவம் வந்துவிடும் என்று ஆரவாரிப்போரையும் நான் ஏற்பதற்கில்லை. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்ட அந்த 2020இலேயே, வீட்டில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் பாடங் கேட்ட குடும்பங்கள் எத்தனை! தொலைபேசியே இல்லாத வீடுகள் எத்தனை! இணையத்திலும் பூட்டுகள் உண்டு. பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியை மேனாட்டுப் பதிப்பகங்கள் எட்டாத விலைக்கு விற்பதை யாவரும் அறிவர்.

இவற்றோடு சேர்த்து எண்ணலாகாத ஒரு தயக்கமும் இருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மூவிராசாக்கள் நாடகம் முதலியவற்றைப் பதிப்பித்தபோதும், கொப்பிகளாகவே எஞ்சியவை பல. அத்தகைய கொப்பியொன்றைக் காத்துவரும் அண்ணாவியார் குடும்பம் அதைப் படமெடுக்க விடத் தயங்கினால், அதனைக் குற்றமென்பது அநீதி. சம்பளமும் பதவியும் இல்லாத அவர்களுக்கு அந்தக் கொப்பிதான் முதுசம். அண்ணாவியின் பெயரும் ஊரின் பெயரும் முதற் பக்கத்தில் நிற்குமென்று உறுதி கூறி, பிரதியொன்றை அவர்களிடமும் கொடுத்து, இணங்கும்வரை காத்திருத்தலே முறை. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் நூலகத்திடம் அவ்வாறு காத்திருக்கத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அதன் நூற்பட்டியலை எழுத்துமூலம் கேட்கலாம்.