மரத்துப்போகும் கை, பால் வெட்டாத மாதம்

விதுராவைத் தாண்டிப் பொன்முடி சாலையில் போனால் கல்லாறு. உருண்டைப் பாறைகளுக்கு நடுவே குளிர்ந்து ஓடும் ஆறு, அதற்கப்பால் மலையேற 22 கொண்டை ஊசி வளைவுகள். வருகிறவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு மலைக்குப் போவார்கள். நான் போவது மாமாவைப் பார்க்க. குலசேகரத்திலிருந்து ரப்பர் பால் வெட்டப் போனவர், அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். முப்பது வருஷமாக அவர் வலது கையில் கத்தி.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு நாள் அவர் வீட்டில் தங்கியிருந்தேன். இரவு இரண்டு மணி இருக்கும். சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, ஈரக் கையை உதறுவதுபோல வலது கையை உதறிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல மக்கா, தரிப்பு. உதறினா போயிரும். நீ உறங்கு” என்றார். தரிப்பு என்று மலையாளத்தில் சொல்வது நம் மரமரப்பைத்தான். நோயின் பெயர் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று பின்னால் தெரிந்தது. இரவில் எழுந்து கையை உதறுவது அதன் பழைய, நம்பகமான அடையாளங்களில் ஒன்று என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மணிக்கட்டில், உள்ளங்கை தொடங்கும் இடத்தில், சிறு எலும்புகள் வளைந்து ஒரு தொட்டிபோல அமைந்திருக்கின்றன. அந்தத் தொட்டியை ஒரு தடித்த நார்ப்பட்டை மூடியிருக்கிறது. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் அந்த இடுக்கு வழியாகத்தான் கைக்குள் போக வேண்டும். உள்ளே சிறிது வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்பு. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் ஆகாது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், மூட்டுவாதம் எல்லாம் இதைக் கொண்டுவரும். பிடித்து, வளைத்து, திரும்பத் திரும்பச் செய்கிற கைவேலையும் கொண்டுவரும்.

பால்வெட்டு அப்படிப்பட்ட வேலைதான். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் முந்நூறு, நானூறு மரம். ஒவ்வொரு மரத்திலும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவியெடுக்க வேண்டும். ஆழம் கூடினால் மரம் காயப்படும், குறைந்தால் பால் வராது. அந்த அளவு முழுக்க மணிக்கட்டில்தான் இருக்கிறது. மாமா சரிவுக்கு ஏற்ப மணிக்கட்டை மடக்கி இழுக்கும்போது கத்திப்பிடியின் அடி, நரம்பு ஓடும் அதே இடத்தில் போய் அழுந்துவதை மரத்தருகே நின்று பார்த்திருக்கிறேன்.

இந்த நோய்க்கு மருத்துவம் வகுத்திருக்கும் வழி ஓர் ஏணி. முதலில் மணிக்கட்டுப் பட்டை, பிறகு ஊசி, கடைசியில் அறுவை. லேசான நோயாளியைக் கத்தியிலிருந்து காப்பாற்றுகிறது என்பதால் இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், வருகிறவர் ஏற்கெனவே எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்காமல் எல்லோரையும் முதல் படியில் ஏற்றுவதும், அடுத்த படிக்கு எப்போது போவது என்பதை வலியை மட்டும் வைத்து முடிவு செய்வதும், கையால் பிழைப்பவர்களுக்குக் கெடுதல் செய்கின்றன. என் குறை அந்த இரண்டின் மேல்தான்.

ஏணியின் முதல் படியான பட்டைக்கு நாம் கொடுக்கும் மதிப்பு குறைவு. சில நூறு ரூபாய், பக்கவிளைவு என்று பெரிதாக ஏதுமில்லை. இரவில் மட்டும் போட்டால் போதும். தூங்கும்போது மணிக்கட்டு மடங்கினால் இடுக்கில் அழுத்தம் ஏறும். பட்டை அதைத் தடுக்கிறது. கூலிக்காரருக்கு ஒரு நாள் வேலையும் போகாத சிகிச்சை இது ஒன்றுதான். ஆனால் கடையில் வாங்கும் பல பட்டைகளில் உள்ளே வைத்திருக்கும் உலோகத் தகடு, கை மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும்படி வளைந்திருக்கிறது. அப்படி நிமிர்ந்தாலும் அழுத்தம் ஏறும். தகட்டை வெளியே உருவி, நேராக்கிவிட்டுச் செருக வேண்டும். மாமாவின் பட்டையை நான் முழங்காலில் வைத்து நிமிர்த்தினேன். விற்றவரும் சொல்லவில்லை, எழுதிக்கொடுத்தவரும் சொல்லவில்லை.

பட்டை எவ்வளவு தூரம் தாங்கும்? நெதர்லாந்தில் 176 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2002இல் வந்தது. மூன்று மாத முடிவில் அறுவை செய்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு நல்ல பலன், பட்டை போட்டவர்களில் 54 சதவீதம். பதினெட்டு மாதத்தில் அது 90க்கு 75 ஆனது. ஆனால் பட்டைக் குழுவில் பலர் இடையிலேயே அறுவைக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அறுவைதான் மேல் என்று இதைச் சுருக்கிவிடலாம். எனக்கு அந்த 54ம் பெரிய எண்ணாகத்தான் படுகிறது. பாதிப் பேருக்கு மேல் ஒரு துணிப்பட்டையிலேயே தேறியிருக்கிறார்கள்.

ஊசியின் கதை வேறு. ஸ்டீராய்டை இடுக்குக்குள் செலுத்தினால் சில நாளில் கை லேசாகிவிடும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் மகிழ்ச்சி. இங்கிலாந்தில் 234 பேரிடம் நடத்தி 2018இல் வெளியான சோதனையில் ஆறு வாரத்தில் ஊசி பட்டையை முந்தியது. ஆறு மாதத்தில் இரண்டும் சமம். பட்டையில் தேறாத 111 பேருக்கு ஸ்வீடனில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். 80 மில்லிகிராம் மருந்து பெற்றவர்களிலேயே ஒரு வருஷத்துக்குள் 73 சதவீதம் பேர் அறுவைக்கு வந்துவிட்டார்கள். வெற்று ஊசி போட்டவர்களில் 92 சதவீதம். ஊசி அவகாசம் வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். பிரசவம்வரை தள்ள வேண்டிய கர்ப்பிணிக்கு அந்த அவகாசம் பொன். சர்க்கரை நோயாளிக்குச் சில நாள் சர்க்கரை எகிறும் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

மாமாவுக்கு நடந்தது ஏணியில் இல்லாத ஒன்று. முதலில் போன மருத்துவமனையில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள், தேய்மானம் என்றார்கள், நரம்புக்குச் சத்து என்று பி வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். பத்து மாதம் விழுங்கினார். இந்த நோய்க்கு பி6 பலன் தருவதாக நல்ல ஆதாரம் இல்லை. அளவு மீறி நீண்ட நாள் எடுத்தால் அந்த வைட்டமினே நரம்பைக் கெடுத்து மரமரப்பைக் கொண்டுவரும். இரண்டு மணிக்கட்டையும் ஒரு நிமிஷம் மடக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தால் போதும், விரல் மரத்திருக்கும். செலவில்லாத அந்தச் சோதனையை அங்கே யாரும் செய்யவில்லை. அவர் பெருவிரலின் அடிமேட்டையும் யாரும் பார்க்கவில்லை.

ஏணிக்கு வெளியே இருப்பவற்றில் யோகாசனத்துக்கு ஒரு சிறு ஆதாரம் உண்டு. 1998இல் அமெரிக்காவில் 42 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பி.கே.எஸ். ஐயங்கார் முறையில் எட்டு வாரம் பயிற்சி பெற்ற குழுவுக்கு வலி குறைந்தது, பிடிப்பும் கூடியது. நரம்பின் வேகத்தில் குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை.

கல்லாற்றில் இருந்துகொண்டு பச்சிலையைப் பேசாமல் விட முடியாது. 2018இல் பத்மஸ்ரீ பெற்ற காணிப் பழங்குடி வைத்தியர் லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர் இது. விஷக்கடிக்குப் பேர்போனவர், ஐந்நூறு மருந்துகளை நினைவிலிருந்தே செய்பவர் என்று அறியப்பட்டவர். திருவனந்தபுரத்திலோ 1889இலிருந்து ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. இந்த அறிவின்மேல் எனக்கு மரியாதை உண்டு. தைலம் தேய்த்தால் முன்கைத் தசை இளகி, உழைத்த கைக்குச் சுகம் கிடைப்பதை மாமாவிடமே பார்த்தேன். ஆனால் நசுங்கிய நரம்பை அது விடுவிக்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மரத்த விரலுக்குச் சூடு தெரியாது. கிழி ஒத்தடம் கொடுக்கும்போது மாமாவின் ஆள்காட்டி விரல் நுனி கொப்பளித்ததை மாமி சொல்லித்தான் அவர் அறிந்தார்.

அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள் அவர் என்னிடம் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. “இப்போ முன்னமாதிரி வலி இல்ல மக்கா, கொறஞ்சிருக்கு.” கையை வாங்கிப் பார்த்தேன். பெருவிரலின் அடியில் மேடு இருக்க வேண்டிய இடம் குழிந்திருந்தது. குறைந்தது நோயல்ல. நரம்பு முறையிடுவதை நிறுத்திக்கொண்டிருந்தது, தசை கரைந்துகொண்டிருந்தது. இந்தக் கட்டத்துக்கு வந்தவரிடம் போய் ஆறு வாரம் பட்டை போட்டுப் பார்ப்போம் என்று சொல்வது வீண். நேரே அறுவைதான், அதுவும் தாமதமில்லாமல்.

அறுவை சின்னது. உள்ளங்கை அடியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறி, நார்ப்பட்டையை அறுத்துவிட்டு, தோலைத் தைக்கிறார்கள். கனடாவின் டொனால்டு லலோண்ட் பரப்பிய முறையில் உள்ளங்கைக்கு மட்டும் மரப்பு ஊசி போட்டு, நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிடலாம். முழு மயக்கம் வேண்டாம், கையில் ரத்தத்தைத் தடுக்கும் இறுக்குப்பட்டையும் வேண்டாம். பழகிய அறுவை நிபுணர் இருந்தால் தாலுகா மருத்துவமனையே செய்யக்கூடிய வேலை, இதற்காக நகரத்துக்கு அலைய வேண்டியதில்லை. இதையே சிறு துளை வழியே செய்யும் துளைவழி அறுவையில் ஏறக்குறைய ஒரு வாரம் முன்பாக வேலைக்குத் திரும்பலாம்; நீண்டகாலப் பலன் இரண்டிலும் ஒன்றே. அந்த ஒரு வாரத்துக்காகக் கூடுதல் செலவு செய்யும்படி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அறுவையின் உண்மையான விலை அதற்குப் பிறகுதான் வருகிறது. வெட்டின் இரு பக்கமும் அழுத்தினால் வலிப்பது பல வாரம், சிலருக்குச் சில மாதம் நீடிக்கும். மேசை வேலைக்காரர் அதோடு காலம் தள்ளலாம். கத்திப்பிடி அழுந்துவதே அந்த இடத்தில் என்றால் என்ன செய்வது?

இதற்குப் பதில் மரத்திடமே இருந்தது. ரப்பர் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும். தளிர் விட்டு முற்றும்வரை, ஏறக்குறைய பிப்ரவரி, மார்ச்சில், வெட்டை நிறுத்திவிடுவார்கள். கை எப்படியும் சும்மா இருக்கும் மாதங்கள் அவை. கூலியும் இல்லாத மாதங்கள் என்பதால் செலவுக்கு முன்கூட்டியே சேர்த்தாக வேண்டும், அது சுலபமில்லை. ஆனாலும் அறுவையை அங்கே வைத்தால் வெட்டு நாள் ஒன்றும் வீணாகாது. தசை இன்னும் கரையாதவருக்கு ஊசி போட்டு அந்த மாதம்வரை கொண்டுபோகவும் முடியும். தேதி குறிக்கும் மருத்துவர் நோயாளியிடம் ‘உங்கள் தோட்டத்தில் எப்போது இலை உதிரும்’ என்று கேட்க வேண்டும். மாமாவிடம் யாரும் கேட்கவில்லை, அந்தத் தேதியை நாங்கள்தான் கேட்டு வாங்கினோம்.

பிப்ரவரியில் அறுத்தார்கள். முதல் வாரத்திலேயே இரவு விழிப்பு நின்றது. பெருவிரல் மேடு இன்னும் எழவில்லை, முழுதாக எழாது என்றுதான் மருத்துவர் நினைக்கிறார். சட்டைப் பொத்தானை மாமி போட்டுவிடுகிறார். கத்திப்பிடியின் அடியில் பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றிக் கட்டியிருக்கிறார் மாமா, தழும்பை உறுத்தாமல் இருக்க. இடது கையிலும் இப்போது தரிப்பு தொடங்கியிருக்கிறது. தகடு நிமிர்த்திய பட்டையை இரவில் அதற்குப் போடுகிறார், மாதம் ஒருமுறை பெருவிரல் மேட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்.