அபர்ணாவின் குரலை எந்த வரிசையில் வைப்பது?

கன்னடத் தொலைக்காட்சியில் சிறந்த தொகுப்பாளர் யார் என்று கேட்டால், பெங்களூரில் ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பலர் யோசிக்காமல் சொல்லும் பெயர் அபர்ணா. முப்பதுகளில் இருப்பவர்களிடம் கேட்டால், 'மஜா டாக்கீஸ் வரலட்சுமிதானே' என்பார்கள். அவர்களுக்கும் இளையவர்களுக்கு அவர் மெட்ரோ ரயிலில் ஒலிக்கும் குரல். 2024 ஜூலை 11 அன்று நுரையீரல் புற்றுநோயால் தமது 57ஆவது வயதில் அவர் காலமானபோது, இரங்கல் செய்திகளில் பெரும்பாலானவை அந்த மெட்ரோ குரலைத்தான் முதலில் வைத்தன. நாற்பது ஆண்டுகளை நெருங்கும் உழைப்பைச் சில விநாடி அறிவிப்புகளுக்குள் சுருக்கியது நியாயமா என்று பலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை நான் பகிர்ந்துகொள்ளவில்லை. காரணத்தைச் சொல்வதற்கு முன் அவருடைய பணியை முழுதாக எடைபோட வேண்டும்.

பெங்களூரின் தொம்மலூரில் வாழும் ஒரு தமிழனுக்கு கன்னடத் தொகுப்பாளரை மதிப்பிட என்ன உரிமை என்று கேட்கலாம். இந்த ஊரின் சொக்கப் பெருமாள் கோவில் சுவர்களில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டுகள் எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இங்கே இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்குகின்றன. வீட்டில் தமிழ், வெளியே கன்னடம் என்று வளர்ந்த எங்களுக்கு நல்ல கன்னடம் எப்படி ஒலிக்கும் என்று காதுக்குச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடத்தைவிடத் தூர்தர்ஷன்தான். அந்த வகையில் அபர்ணா எங்களுக்கும் ஆசிரியர். ஆசிரியரை மதிப்பிடும் உரிமை மாணவனுக்கு உண்டு.

அபர்ணா சிக்கமகளூரு மாவட்டத்தின் பஞ்சனஹள்ளியில் பிறந்தவர். இயக்குநர் புட்டண்ணா கணகாலின் கடைசிப் படமான 'மசணத ஹூவு'வில் அம்பரீஷ், ஜெயந்தி ஆகியோருடன் நடித்து அறிமுகமானார். புட்டண்ணா அறிமுகப்படுத்திய நடிகை என்பது கன்னடத் திரையுலகில் பெரிய நற்சான்று. ஆனால் அவருடைய வாழ்வு திரைப்படத்தின் பக்கம் போகவில்லை. 1990களின் தொடக்கத்தில் வானொலிக்கு வந்தார். பெங்களூர் ஆகாசவாணியின் எஃப்.எம். ரெயின்போவுக்கு முதல் தொகுப்பாளர் அவரே. அதே காலத்தில் தூர்தர்ஷனின் சந்தனா அலைவரிசையில் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி தோன்றினார். 2010 வரை அந்த அலைவரிசையின் முகம் என்றால் அவர்தான். கூடவே அரசு விழாக்கள், இலக்கிய மேடைகள், இசைக் கச்சேரிகள். 1998 தீபாவளிக் கொண்டாட்டத்தில் தொடர்ச்சியாக 8 மணி நேரம் தொகுத்து வழங்கியதைச் சாதனையாகச் சொல்வார்கள். எனக்கு அது அவருடைய சாதனைகளில் மிகச் சிறியதாகவே படுகிறது. தொண்டை வலிமைக்கும் தொகுப்புக் கலைக்கும் தொடர்பு குறைவு.

கலை வேறு இடத்தில் இருந்தது. தென் கர்நாடகப் பேச்சில் 'அ' வரவேண்டிய இடத்தில் 'ஹ' வருவதும், 'ஹ' வரவேண்டிய இடத்தில் 'அ' வருவதும் சாதாரணம். மேடையில் பேசும் அமைச்சர்களிடமும் இது உண்டு, செய்தி வாசிப்பவர்களிடமும் உண்டு. அபர்ணாவிடம் இல்லை. இல்லை என்பதைவிட முக்கியம், அது இல்லை என்று காட்டிக்கொள்ளும் முனைப்பும் அவரிடம் இல்லை. பெங்களூர்த் தமிழர்கள் அல்சூர் என்கிற இடத்தை மெட்ரோவில் அவர் 'ஹலசூரு' என்று சொல்வதைக் கவனியுங்கள். முதல் எழுத்தில் மூச்சு இருக்கும், அழுத்தம் இருக்காது. 'முந்தின நில்தாண' (அடுத்த நிலையம்) என்று சொல்லிவிட்டு, நிலையத்தின் பெயருக்கு முன் ஒரு சிறு இடைவெளி விடுவார். கூட்ட நெரிசலில் நிற்பவரின் கவனம் திரும்ப அந்த இடைவெளி போதும். பெயர் வரும்போது சுருதி ஏறாது, இறங்காது. எந்தப் பக்கக் கதவு திறக்கும் என்ற வாக்கியத்தின் கடைசி எழுத்து வரை முழுதாகக் கேட்கும். வாக்கியத்தின் முடிவை விழுங்குவது இன்றைய தமிழ், கன்னடச் செய்தி வாசிப்பாளர்கள் இரு சாராரிடமும் உள்ள பெரிய குறை. வினைமுற்று கடைசியில் வரும் மொழிகள் இவை. கடைசியை விழுங்கினால் நடந்ததா நடக்கப்போகிறதா என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போகும்.

இந்தத் துல்லியம் பெங்களூரில் வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக இருந்ததில்லை. இந்த நகரத்தில் மொழிக்காக ரத்தம் சிந்தியிருக்கிறது. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 1994 அக்டோபரில் பெங்களூர்த் தூர்தர்ஷன் 10 நிமிட உருதுச் செய்தியைத் தொடங்கியபோது வெடித்த கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். 2016 செப்டம்பரில் மீண்டும் காவிரி. 2017இல் மெட்ரோ நிலையங்களின் இந்திப் பெயர்ப்பலகைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்து, அந்த எழுத்துகள் மறைக்கப்பட்டன. எந்த மொழியில் எதைச் சொல்வது என்பதே சண்டையாக இருந்த ஊரில், கன்னடத்தைத் தளர்த்தாமல், அதே நேரம் கேட்பவர் மீது திணிக்காமல் பேசிய குரல் அவருடையது. கன்னடர் அல்லாதவன் அந்தக் குரலைக் கேட்டு ஒருநாளும் தன்னை வெளியாளாக உணரவில்லை. என் தெருவில் பலர் கன்னட வாக்கியத்தின் முடிவை அவரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்பதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி எதிர்ப்பக்கம். அபர்ணாவின் பணியில் மிகப் பெரிய இடைவெளி ஒன்று உண்டு. அவர் கேள்வி கேட்டவர் இல்லை. பிறர் எழுதித் தந்ததை அழகாகச் சொன்னார், விருந்தினரை அழகாக அறிமுகப்படுத்தினார், ஆட்சிகள் மாறினாலும் அரசு மேடையில் அவரே நின்றார். தொலைக்காட்சியில் அமர்ந்து பேசுகிறவரிடம் நாம் எதிர்பார்க்கவேண்டியது உச்சரிப்பு மட்டும்தானா? 2006இல் டிவி9 கன்னடம் வந்தபின் காட்சி மாறியது. 2012இல் எச்.ஆர். ரங்கநாத் தொடங்கிய பப்ளிக் டிவியில் அவரே அமர்ந்து செய்தியை விளக்கினார். அவர் பத்திரிகை ஆசிரியராக இருந்து வந்தவர். அவருடைய 'பிக் புல்லட்டின்' நிகழ்ச்சியில் செய்தியும் கருத்தும் கோபமும் சேர்ந்தே வரும். அதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அபர்ணாவின் பாணி பழைய அரசு அலுவலகச் சுற்றறிக்கைபோல் தோன்றியதில் ஆச்சரியமில்லை. செய்தியாளர் என்ற அளவுகோலை வைத்தால் ரங்கநாத் நிற்கும் வரிசையில் அபர்ணாவுக்கு இடமில்லை. இதை மறைத்துப் புகழ்வது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஆனால் அந்த மாற்றத்தில் நாம் பெற்றதோடு இழந்ததையும் கணக்கில் வைக்க வேண்டும். செய்தியைச் சொல்பவரின் மனநிலை செய்தியோடு கலந்து வரத் தொடங்கியதும், எது நடந்தது, எது அவர் நினைப்பது என்று பிரித்தறியும் வேலை பார்ப்பவர் தலையில் விழுந்தது. டெல்லி ஆகாசவாணியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியும் கேள்வி கேட்டவர் இல்லை. ஆனாலும் அவர் வாசித்த செய்தியில் அவருடைய விருப்பு வெறுப்பை எந்த நேயரும் கண்டதில்லை. தன்னைப் பின்னால் நிறுத்திக்கொள்ளும் அந்த ஒழுக்கம் பத்திரிகைத் திறமைக்கு மாற்று ஆகாது. ஆனால் அது இல்லாத பத்திரிகைத் திறமை வெகு சீக்கிரம் கூச்சலாகிவிடுகிறது. இதைத் தமிழ் அலைவரிசைகளின் இரவு 8 மணி விவாதங்களிலும் தினமும் பார்க்கிறோம்.

அடுத்த குற்றச்சாட்டு அவருடைய கன்னடத்தைப் பற்றியது. அது படித்த, மேல்தட்டு, சமஸ்கிருதச் சொற்கள் நிறைந்த மேடைக் கன்னடம் என்பார்கள். மண்டியாவின் பேச்சு அதில் இல்லை, தார்வாடின் ஓசை இல்லை, சிவாஜிநகரின் கலவை இல்லை. இதில் உண்மை உண்டு. தூர்தர்ஷன் தரப்படுத்திய மொழி, எங்கும் உள்ளபடி, சிலருடைய பேச்சை உயர்வாகவும் மற்றவர்களுடையதைக் குறையாகவும் காட்டியது. தமிழிலும் இதே வழக்கு உண்டு. ஆயினும் பொது இடத்தில் ஒலிக்கும் அறிவிப்புக்கு எல்லோருக்கும் புரியும் ஒரு நடுவழி வேண்டும். அந்த நடுவழியை இவ்வளவு தெளிவாக, இவ்வளவு இறுக்கமில்லாமல் வேறு யாரும் பேசிக் காட்டவில்லை. குறை அந்த மொழியைத் தரமாக வைத்த அமைப்பினுடையது. அதை அபர்ணாவின் கணக்கில் முழுவதும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, அவருடைய பிற்காலம். 2013இல் ஈடிவி கன்னடத்தில் தொடங்கிய முதல் பிக் பாஸில் போட்டியாளராகப் போனார். 2015 முதல் சிருஜன் லோகேஷின் 'மஜா டாக்கீஸ்' நிகழ்ச்சியில் வரலட்சுமி என்ற நகைச்சுவைப் பாத்திரம். தற்பெருமை பேசும், நச்சரிக்கும், தானே பெரிய நட்சத்திரம் என்று நம்பும் பெண். நிதானத்தின் மறுபெயராக இருந்தவர் இப்படி ஆடுவதைப் பார்த்துக் கர்நாடகம் சிரித்தது. இதைச் சரிவு என்பவர்களும் உண்டு, பன்முகத் திறமை என்பவர்களும் உண்டு. நடிப்பு என்ற அளவில் அது நல்ல நடிப்பு, சந்தேகமில்லை. இருபதாண்டுக் குரல் ஒழுக்கம் இருந்ததால்தான் அந்தப் பாத்திரத்தின் மிகைப்பேச்சிலும் ஒரு சொல்கூடச் சிதையவில்லை. புதிய தலைமுறைக்கு அவரை அறிமுகப்படுத்தியதும் அதுதான்.

எனக்கு உறுத்துவது வேறு. நல்ல குரலும் நல்ல மொழியும் உள்ள ஒரு பெண்ணுக்கு, நாற்பதைத் தாண்டியபின், தொலைக்காட்சி அந்தக் குரலுக்கு உரிய நாற்காலியைத் தரவில்லை. தமிழிலும் இதே பாதையைப் பார்க்கிறோம். தூர்தர்ஷனில் செய்தி வாசித்த பாத்திமா பாபு தொடர்களுக்குப் போனார், 2019இல் தமிழ் பிக் பாஸுக்கும் போனார். 'வணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லை அடையாளமாக்கிக்கொண்ட நிர்மலா பெரியசாமி, 'சொல்வதெல்லாம் உண்மை' போன்ற குடும்பச் சச்சரவு நிகழ்ச்சிக்கு வந்தார். இவர்கள் தேர்வு அவர்கள் உரிமை. ஆனால் மூன்று பேருக்கும் ஒரே திசையில் கதவு திறந்ததைத் தற்செயல் என்று நான் நம்பவில்லை. இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீதுக்கு 'பாட்டுக்குப் பாட்டு' கிடைத்தது. அறுபதைக் கடந்த பின்னும் மேடையும் மரியாதையும் அவரைத் தேடி வந்தன. ஆண் அறிவிப்பாளருக்கு வயது அனுபவமாகிறது. பெண் அறிவிப்பாளருக்கு வயதானால் திரை அவரை வேறு வேடத்தில்தான் ஏற்கிறது.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் மெட்ரோ எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். 2011 அக்டோபர் 20 அன்று பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை, 6 நிலையங்களோடு நம்ம மெட்ரோ தொடங்கியது. தொம்மலூர்க்காரர்களான எங்களுக்குப் பக்கத்து நிலையமான இந்திராநகர் அந்த ஆறில் ஒன்று. அதன் கன்னட அறிவிப்பு அபர்ணாவுடையது. பிறகு ஊதாத் தடம் 2023இல் செல்லகட்டாவிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை நீண்டது, பச்சைத் தடமும் வளர்ந்தது. 2024இல் நாளொன்றுக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பயணம் செய்தார்கள். சந்தனா அலைவரிசையின் எந்த நிகழ்ச்சிக்கும் இப்படி ஒரு நேயர் கூட்டம் இருந்திருக்காது. முகம் இல்லை, வயது இல்லை, ஒப்பனை இல்லை, ஆட்சியாளரைப் புகழும் கட்டாயம் இல்லை. சொல்லவேண்டிய செய்தி மட்டும், சரியாக, தேவையான நேரத்தில். செய்தி சொல்லும் கலையின் அடிப்படை அதுதானே.

எனவே என் தீர்ப்பு இது. செய்தியாளராக அபர்ணாவை வைத்துப் பேச வேண்டாம், அவர் அந்தத் துறையில் எதையும் விட்டுச் செல்லவில்லை. நடிகையாக நல்லவர், முதல் வரிசை இல்லை. சொல்லைக் கேட்பவரிடம் சேதமில்லாமல் சேர்ப்பவர் என்ற பொருளில், கன்னடத்தில் அவருக்கு நிகர் இல்லை, தமிழில் இன்று அவருக்கு ஈடு சொல்ல ஒருவர் கிடைப்பதும் கடினம். மெட்ரோ அறிவிப்பு அந்த வாழ்க்கையின் சுருக்கம் இல்லை, அதன் உச்சம்.

தூர்தர்ஷனிடமும் ஆகாசவாணியிடமும் ஒரு வேண்டுகோள். 1990களின் அவருடைய ஒளிநாடாக்களையும் ஒலிநாடாக்களையும் எல்லோரும் கேட்கும்படி திறந்து வையுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் செய்தி வாசிக்கப் பயிற்சி பெறும் இளைஞர்கள், கேமராவைப் பார்ப்பது எப்படி என்று கற்பதற்கு முன், ஒரு வாக்கியத்தை முடிப்பது எப்படி என்று அவரிடம் கற்கட்டும்.