பிழையைச் சொல்லும் முறை

லினக்ஸ் கெர்னலில் ஒரு ஃபங்ஷன் வேலையை முடித்தால் 0 தரும். தோற்றால் எதிர்ம எண் தரும். நினைவகம் கிடைக்காவிட்டால் −12, தவறான உள்ளீடு வந்தால் −22. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் ஃபங்ஷன்களிலோ 0 என்றால் 'இல்லை'. இரண்டும் குழம்பினால் தோல்வி வெற்றியாகப் படிக்கப்படும். ஆகவே பெயரைப் பார்த்தே வகை தெரிய வேண்டும் என்கிறது கெர்னலின் எழுத்துநடை ஆவணம்: ஏவும் பெயருக்குப் பிழை எண், வினவும் பெயருக்கு ஆம்-இல்லை.

ஒரு ஃபங்ஷன் படிப்படியாக வளங்களைப் பெறும்போது நான்காம் படியில் தவறினால், முன்பு பெற்ற மூன்று வளங்களையும் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். நிரலின் வேறோர் இடத்துக்குத் தாவும் கட்டளையை (goto) தீங்கு என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968இல் கண்டித்தார். ஆனாலும் விடுவிக்கும் வரிகளுக்குத் தாவ, இந்த இடத்தில் கெர்னல் அதையே விரும்புகிறது. சேலம்–ஏற்காடு மலைப்பாதை மண்சரிவால் அடைபட்டால் வண்டிகள் குப்பனூர் வழியே இறங்குகின்றன. அந்தப் பாதை முன்பே போடப்பட்டிருப்பதே காரணம். நல்ல நிரலிலும் தோல்விக்கான வழி முன்கூட்டியே அமைந்திருக்கிறது.

கோ என்ற நிரல்மொழியில் ஒவ்வோர் அழைப்புக்குப் பின்னும் பிழையைச் சோதிக்கும் வரிகள் வருகின்றன. அவற்றைச் சுருக்க 2019இல் வந்த 'டிரை' முன்மொழிவு, ஃபங்ஷனிலிருந்து வெளியேறும் இடத்தை மறைக்கிறது என்ற எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ரஸ்ட் மொழியோ இதே சுருக்கத்துக்கு 2016இலேயே ஒற்றைக் கேள்விக்குறியை ஏற்றது. சுருக்கமா, வெளிப்படையா என்பதில் மொழிகள் வேறுபடலாம். ஆனால் ஒரே திட்டத்துக்குள் மரபு ஒன்றாக இருக்க வேண்டும். நிரலைச் சரிபார்ப்பவர் காப்பது அந்த ஒருமையைத்தான்.